வாவியின் நீர்மட்டம் யாருக்குத் தெரியும்?

மட்டக்களப்பின் படுவான்கரைப் பாடசாலை ஒன்றின் விஞ்ஞான தினத்துக்கு நடுவர்களில் ஒருவராகப் போயிருந்தேன். ‘மனித குலத்துக்கு மிகவும் வேண்டிய விஞ்ஞானத் துறை எது?’ என்பது விவாதப் பொருள். உயர்தர வகுப்பு மாணவர்கள் ஐந்து பேர் ஆளுக்கொரு துறையை எடுத்துக்கொண்டார்கள். மருத்துவம், விவசாயம், பௌதிகவியல், கணினி, வானிலை என்று ஐந்தும் மேடையேறின. பிள்ளைகள் நன்றாகத் தயாராகி வந்திருந்தார்கள். கைதட்டல் ஓய்ந்ததும் சபையிலிருந்து யாரும் கேள்வி கேட்கலாம் என்றார் ஆசிரியர். பின்வரிசையில் ஆறாம் தரத்துப் பிள்ளை ஒன்று எழுந்து, “சேர், இப்ப ஆத்துல எத்தனை அடி தண்ணி நிக்கிது?” என்று கேட்டது.

மட்டக்களப்பு வாவியை எங்கள் சனங்கள் ஆறு என்றுதான் சொல்வார்கள். அந்த ஆறு பாடசாலையின் பின்மதிலுக்கு அப்பால், எட்டிப் பார்த்தால் தெரியும் தூரத்தில் கிடந்தது. பேசிய ஐந்து பேருக்கும் விடை தெரியவில்லை. நடுவர்களாக இருந்த எங்கள் மூவருக்கும் தெரியவில்லை. பிள்ளையைக் கூட்டிப்போக வந்து வாசலில் நின்ற பெரியவர் ஒருவர் மட்டும், “போன கிழமையை விட ஒரு சாண் கூட” என்றார். அவர் வீச்சுவலைக்காரர்.

பரிசை யாருக்குக் கொடுத்தோம் என்பதை விட்டுவிடலாம். அந்தக் கேள்வியும் அந்த ஒரு சாண் கணக்கும் அன்றிலிருந்து மனதைவிட்டுப் போகவில்லை. விவாதப் பொருளுக்கான விடை அங்கேதான் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் அந்த ஐந்து பிள்ளைகளின் வாதங்களையும் நியாயமாக நிறுத்துப் பார்க்காமல் அந்த விடைக்குப் போவது சரியாகாது.

மருத்துவத்துக்கு முதலிடம் கேட்பவர்கள் பக்கம் வலுவான சான்று உண்டு. 1934-35இல் இந்த நாட்டைப் பீடித்த மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா ஒழிந்த நாடு என்று சான்றளித்தது. இடைப்பட்ட எண்பது வருடங்களில் நுளம்பைப் படித்தவர்களும், இரத்தத்துளியைக் கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்த்தவர்களும், வீடு வீடாக ஏறி இறங்கிய களப் பணியாளர்களும் செய்த வேலை அது. போர் நடந்த வருடங்களிலும் வடக்குக் கிழக்கில் அந்த வேலை முற்றாக நின்றுவிடவில்லை. நோயைத் துரத்துவதில் எதிரெதிர்த் தரப்புகளும் வழிவிட்ட காலம் ஒன்று நமக்கு இருந்தது என்பதை அடிக்கடி நினைத்துக்கொள்ள வேண்டும்.

விவசாயத்துக்காகப் பேசிய மாணவன் வயற்காரக் குடும்பத்துப் பிள்ளை. பசித்தவனுக்கு மாத்திரை எதற்கு என்று தொடங்கினான். காற்றில் உள்ள நைதரசனைப் பிடித்துப் பசளையாக்கும் வழியை ஃபிரிட்ஸ் ஹேபர் 1909இல் செய்து காட்டியிருக்காவிட்டால், இன்றுள்ள உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சோறிருக்காது என்றான். அதில் மிகையில்லை. நம் நாட்டிலேயே பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த நெல்லினங்கள்தான் ஒரு ஏக்கரின் விளைச்சலை நம் பாட்டன்மார் நினைத்துப் பார்க்காத அளவுக்கு உயர்த்தின.

அந்த மாணவன் 2021ஆம் ஆண்டையும் தொட்டான். இரசாயனப் பசளை இறக்குமதி ஒரேயடியாக நிறுத்தப்பட்ட வருடம் அது. மண்ணும் நீரும் கெட்டுவருகின்றன என்ற கவலை நியாயமானது. வடமத்தியில் 1990களிலிருந்து சிறுநீரக நோயால் வாடும் விவசாயக் குடும்பங்களைப் பார்த்தவர்கள் அதை இலேசாகத் தள்ளமாட்டார்கள். ஆனால் படிப்படியாகப் போக வேண்டிய தூரத்தை ஒரே போகத்தில் கடக்க முடியாது என்று விவசாய விஞ்ஞானிகள் அப்போதே சொன்னார்கள். நவம்பரில் தடை தளர்ந்தபோது பெரும்போக விதைப்புக் காலம் வந்துவிட்டிருந்தது. அந்த அறுவடையில் நெல் எவ்வளவு விழுந்தது என்பதை இந்தப் பகுதிக் களவெட்டிகள் மறந்திருக்காது.

பௌதிகவியலுக்காகவும் கணினிக்காகவும் பேசியவர்கள் மற்றத் துறைகளுக்கெல்லாம் தாங்களே வேர் என்றும் கருவி என்றும் வாதிட்டார்கள். ஒப்புக்கொள்ள வேண்டியதுதான், வேரும் கருவியும் இல்லாமல் எதுவும் இல்லை.

வானிலைக்காகப் பேசிய மாணவியிடம் வந்தபோது மண்டபம் அமைதியாகிவிட்டது. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியபோது அவளுடைய அம்மம்மா கதவைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை நின்ற கதையைச் சொன்னாள். அந்தப் புயலில் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பத்து இலட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள். கரையோரத்துத் தென்னந்தோட்டங்கள் முறிந்து கிடந்தன. பிறகு சுனாமிக்கு வந்தாள். 2004 டிசம்பர் 26 காலை சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி அதிர்ந்ததை, பசிபிக் சமுத்திரத்துக்கான எச்சரிக்கை நிலையம் ஏறத்தாழக் கால் மணி நேரத்தில் அறிந்துவிட்டது. அலை கல்லடிக்கும் நாவலடிக்கும் வந்து சேர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. அறிவு இருந்தது. அதை நாவலடிக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் ஒரு கம்பி இல்லை. அவள் அதைச் சொன்ன விதத்தில் குற்றச்சாட்டு இல்லை, துக்கம் மட்டும் இருந்தது.

நம்மைச் சுற்றி நடந்த பெரிய இழப்புகளில் விஞ்ஞானம் இல்லாததால் வந்தவை சிலவே. பசளை விடயத்தில் அறிவு இருந்தது, முடிவெடுக்கும் மேசைக்கு வரவில்லை. சுனாமியில் அறிவு இருந்தது, கரைக்கு வரவில்லை. இந்த மாவட்டத்தில் இன்னொரு இடம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை நேர்மையாக இராது.

2020 ஏப்ரலில், கொவிட் தொற்றால் இறந்தவர்கள் எல்லாரையும் எரிக்க வேண்டும் என்பது கட்டாயமாக்கப்பட்டது. அடக்கம் செய்தால் நிலத்தடி நீரில் வைரசு கலந்துவிடும் என்று காரணம் சொல்லப்பட்டது. அடக்கம் செய்யலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் இருந்தது. ஏறத்தாழ ஒரு வருடம் முஸ்லிம் குடும்பங்கள் தங்கள் மார்க்கத்துக்கு மாறாகத் தங்கள் உறவுகளைத் தீயில் பறிகொடுத்தன. கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவும் அதே துயரைப் பட்டன. 2021 பெப்ரவரி இறுதியில் விதி மாற்றப்பட்டு, மார்ச்சில் நம் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கங்கள் தொடங்கின. நாட்டின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஜனாஸாக்கள் நம் மாவட்டத்துக்கு வந்தன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது.

தொற்றின் தொடக்கத்தில் எல்லாருக்கும் பயம் இருந்தது. அதிகாரத்தில் இருந்தவர்களும் அந்தப் பயத்துக்கு வெளியே நிற்கவில்லை. எச்சரிக்கையாக இருந்துவிட்டுப் போவோம் என்று முதல் வாரங்களில் நினைத்திருந்தால் அதைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் நிலத்தடி நீர் பற்றிய கேள்வி, அளந்து பார்த்து விடை காணக்கூடிய கேள்வி. அளந்து பார்ப்பதற்கு முன் அதை முடிவாக அறிவித்ததும், அந்த முடிவை மாதக்கணக்கில் திருத்தாமல் வைத்திருந்ததும் விஞ்ஞானத்தின் பெயரால் நடந்தன. காயம் ஒரு சமூகத்துக்கு. படிப்பினை எல்லாருக்கும்.

இத்தனையிலும் ஒரு சரடு ஓடுவதைக் கவனியுங்கள். மலேரியா நுளம்பு தண்ணீரில் பிறக்கிறது. பசளை வயலிலிருந்து வாய்க்கால் வழியாக வாவிக்குப் போகிறது. சூறாவளியும் சுனாமியும் கடலிலிருந்துதான் வந்தன. மஜ்மா நகரின் கேள்வி நிலத்தடி நீர் பற்றியது. மருத்துவத்தின் வரலாற்றிலேயே மிகப் பெரிய திருப்பங்களில் ஒன்று, 1854இல் லண்டன் புரோட் வீதியில் ஒரு கைப்பம்பிக் கிணற்றுப் பக்கம் நடந்தது. கொலராவால் இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் புள்ளியிட்டுப் பார்த்த வைத்தியர் ஜோன் ஸ்னோ, நோய் காற்றில் வரவில்லை, அந்தக் கிணற்றுத் தண்ணீரில் வருகிறது என்று காட்டினார். மருந்து கண்டுபிடித்ததை விட அந்தக் கிணற்றின் கைப்பிடியைக் கழற்றியது பெரிய வைத்தியம்.

ஆகவே என்னிடம் கேட்டால், மனித குலத்துக்கு மிகவும் வேண்டியது நீரைப் படிக்கும் விஞ்ஞானம் என்பேன். மழையாகி, குளமாகி, வாய்க்காலாகி, வாவியாகிக் கடல் சேரும் தண்ணீரையும், அந்த வழியெல்லாம் அதை நம்பி வாழும் உயிர்களையும் சேர்த்துப் படிக்கும் துறை. நீரியல் என்று ஒரு பகுதிக்கும் சூழலியல் என்று மற்றப் பகுதிக்கும் பெயர். இரண்டையும் பிரிக்க வேண்டியதில்லை, வாவி பிரிப்பதில்லை.

இதை வேறு எங்கும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. மாரி காலத்தில் பாலமீன்மடு முகத்துவாரத்துக்கு ஒரு நாள் போய் நின்றால் போதும்.

நம் வாவி ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். பரப்பு 140 சதுர கிலோமீற்றருக்குக் கிட்ட. இவ்வளவு பெரிய நீர்ப்பரப்பு கடலைத் தொடுவது இரண்டே இடங்களில். வடக்கே பாலமீன்மடு, தெற்கே கல்லாறு. கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் கடல் மணலைக் கொண்டுவந்து குவித்து அந்த வாய்களை அடைத்துவிடும். ஐப்பசி பிறந்து மழை இறங்கினால் மேற்கே உள்ள குளங்களும் ஓடைகளும் நிரம்பி, தண்ணீர் முழுவதும் வாவிக்குள் இறங்கும். வாய் திறக்காவிட்டால் வாவி ஏறும். ஏறினால் முதலில் மூழ்குவது கரையோரத்துத் தாழ்ந்த வயல். விதைத்துக் கொஞ்ச நாளேயான இளம் பயிர், தலைக்கு மேல் தண்ணீர் நின்றால் சில நாள்தான் தாங்கும். ‘முகத்துவாரத்தை வெட்டுங்கள்’ என்று விவசாயிகள் கேட்பது அதனால்தான். கடன் வாங்கிப் போட்ட வேளாண்மை கண்ணுக்கு முன்னால் அழுகுவதைப் பார்த்தவர்கள் அவர்கள். 2011 ஜனவரியிலும் பெப்ரவரியிலும் அடுத்தடுத்து வந்த வெள்ளத்தில் அறுவடைக்குக் கிட்டிய நெல்லையே இழந்தவர்களும் உண்டு.

மீனவர்கள் பக்கத்துக்கு வாருங்கள். இறால் கடலில் முட்டையிடும். பொடிக்குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக வாவிக்குள் வந்து, உப்பும் நன்னீரும் கலந்த தண்ணீரில் வளரும். வளர்ந்தபின் மீண்டும் கடலுக்குப் போகும். வளரும் முன்னரே வாயை வெட்டிவிட்டால் தண்ணீரோடு சேர்ந்து இறாலும் போய்விடும். வாவியின் உப்புத்தன்மையும் தலைகீழாக மாறும். வெட்டாமலே விட்டால் அடுத்த பருவத்துக்குக் குஞ்சு உள்ளே வராது. ஆக, ‘வெட்ட வேண்டாம்’ என்பது அவர்கள் கோரிக்கை அல்ல. ‘காலம் பார்த்து வெட்டுங்கள், அளவு பார்த்து வெட்டுங்கள்’ என்பதே அவர்கள் சொல்வது. அத்தாங்கு எடுத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்று கூனி இறால் அள்ளும் பெண்களுக்கு அந்த ஒரு முடிவு பல மாதச் சோறு.

மூன்றாவது தரப்பு ஒன்று இருக்கிறது. வாவிக் கரையில் வீடு கட்டியிருக்கும் நகரத்தார். தண்ணீர் முற்றத்துக்கு வந்த பிறகு அவர்களுக்கு வயலும் தெரியாது, இறாலும் தெரியாது. பெக்கோ இயந்திரம் எப்போது வரும் என்பதுதான் கேள்வி. குழந்தைகளை வைத்துக்கொண்டு இரவு விழித்திருப்பவர்களை அதற்காகக் குறைசொல்ல முடியாது.

மூவரும் சொல்வது உண்மை. மூன்று உண்மைகளும் ஒரே மணல் திட்டில் வந்து மோதும்போது யார் குரல் பெரிது என்பதைக் கொண்டு முடிவெடுக்க வேண்டி வந்தால், அந்த முடிவு சரியாக அமைந்தாலும் தோற்றவர் மனதில் கசப்புத் தங்கிவிடும். வாவியின் மட்டம் இவ்வளவு அடியைத் தொட்டால் வெட்டுவோம், இந்த அகலத்தில் வெட்டுவோம், இறால் இந்தப் பருவத்தில் இருந்தால் இத்தனை நாள் பொறுப்போம் என்று வெயில் காலத்திலேயே மூவரும் இருந்து பேசி எழுதிவைத்தால் நிலைமை வேறு. அப்போது அளவுகோல் பேசும். ஆட்கள் குரலை உயர்த்த வேண்டியிராது. அதற்கு முதலில் அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு எல்லாருக்கும் விடை தெரிந்திருக்க வேண்டும். ஆற்றில் எத்தனை அடி தண்ணீர்?

இதற்கு எதிராக வரும் வாதங்களையும் சொல்லிவிடுகிறேன். நீரைப் படித்தால் பிள்ளைக்கு வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பார்கள். உயர்தரத்தில் உயிரியல் எடுத்தால் வைத்தியம், கணிதம் எடுத்தால் பொறியியல் என்று நாம் வகுத்து வைத்திருக்கும் பாதையில் நீருக்கு இடம் இல்லைதான். அந்தக் கவலை வயிற்றோடு சம்பந்தப்பட்டது. அதைக் கேலி செய்பவன் நானல்ல. ஆனால் நான் கேட்பது எல்லாப் பிள்ளைகளும் நீரியலாளர் ஆக வேண்டும் என்பதல்ல. வைத்தியராகப் போகும் பிள்ளைக்கும் வாவி தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான். பேராசிரியர் ரஞ்சன் இராமசாமி, பேராசிரியர் சி. நோபிள் சுரேந்திரன் ஆகியோர் அடங்கிய ஆய்வுக் குழு 2011இல் வெளியிட்ட ஒரு ஆய்வை இதற்குச் சொல்லலாம். டெங்கு நுளம்பு நல்ல தண்ணீரில் மட்டும்தான் பெருகும் என்றே அதுவரை பலரும் நம்பியிருந்தார்கள். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கரையோரத்தில் கைவிடப்பட்ட தோணிகளிலும் பாழ்கிணறுகளிலும் போத்தல்களிலும் தேங்கிய உவர்நீரிலேயே அதன் புழுக்கள் வளர்வதை அவர்கள் கண்டார்கள். பூச்சாடியைக் கவிழ்த்துவிட்டு நிம்மதியாக இருந்த நாம், கரையில் கவிழ்க்காமல் கிடந்த பழைய தோணியைப் பார்க்கவில்லை. வாவிக் கரையில் வேலை செய்யும் வைத்தியருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் இது புத்தகத்து விடயமல்ல.

இன்னொரு எதிர்வாதம் அனுபவத்தின் பக்கமிருந்து வரும். ஐம்பது வருடம் வலை வீசியவருக்குத் தெரியாததை ஒரு கருவி சொல்லிவிடுமா? இந்த வாதத்தில் பாதிக்கு மேல் நான் உடன்படுகிறேன். குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் போகும் பாதையில் ஒரு முறை வந்துகொண்டிருந்தேன். (வாவியைக் கடக்கும் அந்த மிதவையை இங்கே பாதை என்றே சொல்வார்கள், மண்முனையில் 2014இல் பாலம் வரும்வரை அங்கும் அதுதான் வழி.) பக்கத்தில் நின்ற மீனவர் குனிந்து கையால் தண்ணீரை அள்ளி வாயில் வைத்துத் துப்பினார். “உப்பு ஏறிட்டு. கிழமைக்குள்ள நண்டு இறங்கும்” என்றார். அவர் செய்தது அளவீடு. முன்னறிவிப்பும் சொன்னார். ஒன்று மட்டும் குறை: அது அவரோடு போய்விடும். எழுதி வைக்கப்படாததால் எதிர்க்கரை வயல்களைப் பார்க்கும் வட்டவிதானைக்கும் அது தெரியாது, மாவட்டச் செயலகத்துக்கும் தெரியாது. அவருடைய நாக்கையும் உப்புமானியையும் எதிரெதிரே நிறுத்த வேண்டியதில்லை. இரண்டையும் ஒரே கொப்பியில் எழுதினால் போதும்.

செய்யக்கூடியவை என்ன என்று பார்த்தால், பெரிய காசு எதுவும் தேவைப்படவில்லை.

நம் நெற்செய்கையில் ஏற்கெனவே ஒரு நல்ல வழக்கம் உண்டு. போகம் தொடங்கும் முன் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் நடக்கும். உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் போன்ற குளங்களில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று நீர்ப்பாசனத் திணைக்களம் சொல்லும். எந்த நாளில் விதைப்பது, எந்த இனம் போடுவது, எப்போது நீர் திறப்பது, எப்போது மூடுவது என்று விவசாயிகளும் அதிகாரிகளும் இருந்து முடிவெடுப்பார்கள். அந்த முடிவு சட்டப்படி எல்லாரையும் கட்டுப்படுத்தும். கூட்டத்தில் சத்தம் இருக்கும், கோபம் இருக்கும். ஆனால் கடைசியில் ஒரு நாட்காட்டி கையில் இருக்கும். இதே முறையை வாவிக்கும் கொண்டுவரலாம் என்பது என் கோரிக்கை. பெரும்போக ஆரம்பக் கூட்டம் நடக்கும் அதே கிழமையில் ஒரு வாவிக் கூட்டம். கமக்காரர் அமைப்புகளும் மீனவர் சங்கங்களும் ஒரே வரிசையில் உட்கார வேண்டும். மாநகர சபையும் பிரதேச சபைகளும், சுகாதாரப் பகுதியும், அனர்த்த முகாமைத்துவ நிலையமும் வரவேண்டும். வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையும் மேற்குக் கரையான படுவான்கரையும், தமிழரும் முஸ்லிம்களும் வரவேண்டும். அம்பாறைப் பக்கத்தாரும் வரவேண்டும். வாவியின் தெற்கு முனை அவர்களுடையது, பட்டிப்பளை ஆற்றின் தலைமாட்டில் சிங்கள விவசாயிகள் இருக்கிறார்கள். தண்ணீர் வரும் வழியில் இருப்பவரை விட்டுவிட்டு, போய்ச் சேரும் இடத்தில் மட்டும் கூடிப் பேசிப் பயனில்லை.

ஒல்லாந்தர் 1602இல் முதன்முதலாக இந்தத் தீவில் காலூன்ற வந்தது மட்டக்களப்புக் கரைக்குத்தான். 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து புளியந்தீவுக் கோட்டையைப் பிடித்தார்கள். அந்தக் கோட்டையை நாம் இன்னும் வைத்திருக்கிறோம். அவர்களுடைய சொந்த நாட்டில் அதைவிடப் பயனுள்ள ஒன்று இருந்தது, அது இங்கே வரவில்லை. 13ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கே நீர்ச் சபைகள் இருக்கின்றன. கடல்மட்டத்துக்குத் தாழ்ந்த நிலத்தில் வாழ்பவர்கள், கமக்காரரும் நகரத்தாரும் சேர்ந்து, அணைகளைப் பார்த்துக்கொள்ளத் தாங்களே அமைத்துக்கொண்ட சபைகள். அரசர்கள் மாறினார்கள், படைகள் வந்து போயின. நீர்ச் சபைகள் இன்றும் கூடுகின்றன. அணை உடைந்தால் இரு தரப்பு வயலும் சேர்ந்தே மூழ்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அளப்பதைப் பாடசாலைகளிடம் ஒப்படைக்கலாம். வாவியின் இரு கரையிலும் நமக்குப் பாடசாலைகளுக்குக் குறைவில்லை. ஒரு புனலும் போத்தலும் இருந்தால் மழைமானி. அடிக்கணக்குக் கீறிய ஒரு கம்பை ஓரிடத்தில் உறுதியாக நட்டால் நீர்மானி. தண்ணீரின் தெளிவை அளக்க 1865இல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியக் குருவானவர் பயன்படுத்திய தட்டின் இன்றைய வடிவத்தைப் பிள்ளைகள் ஒரு பிற்பகலில் செய்துவிடுவார்கள். பெயின்ற் பேணியின் மூடியை எடுத்து நான்காகப் பிரித்து, கறுப்பும் வெள்ளையும் மாறிமாறிப் பூசி, நடுவில் துளையிட்டு, கீழே ஒரு கல்லைத் தொங்கவிட்டு, ஒரு முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் கட்டித் தோணியிலிருந்து இறக்க வேண்டும். வெள்ளையும் கறுப்பும் கண்ணுக்கு மறையும் இடத்தில் முடிச்சை எண்ண வேண்டும். வயலில் மண் கரைந்து வந்த வாரமும், நகரத்துக் கழிவு கலந்த வாரமும், பாசி பூத்த வாரமும் அந்த முடிச்சுக் கணக்கில் தெரியும். வந்தாறுமூலையில் 1981இல் விஞ்ஞானமும் விவசாயமும் கற்பிக்கத் தொடங்கி 1986இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த கிழக்குப் பல்கலைக்கழகம் நம்மிடம் இருக்கிறது. பிள்ளைகள் அனுப்பும் கணக்கைச் சரிபார்த்து, ஒவ்வொரு கிழமையும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கத் தாளாகச் சந்தை வாசலிலும், கோயில், பள்ளிவாசல், தேவாலய அறிவித்தல் பலகைகளிலும் ஒட்டிவைக்க அங்குள்ளவர்கள் முன்வருவார்கள் என்று நம்புகிறேன்.

அளப்பதைப் பற்றிச் சொல்லும்போது காரைதீவு தந்த விபுலாநந்த அடிகளை நினைக்காமல் இருக்க முடியாது. அவர் விஞ்ஞானம் படித்தவர், விஞ்ஞானம் கற்பித்தவர். பின்னர் 1947இல் வெளிவந்த யாழ் நூலில் பழந்தமிழ் இசையை எண்களாலும் விகிதங்களாலும் அளந்து காட்டினார். கலையும் கணிதமும் அவரிடம் ஒரே வீட்டில் குடியிருந்தன. நம் வாவியின் பாடும் மீன்கள் அவர் கற்பனையைத் தூண்டியவை. நிலவு காலத்தில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்தால் கேட்கும் என்று நம் பெரியவர்கள் சொல்லும் அந்த ஒலியை, ஆங்கிலேய ஆட்சிக்கால அதிகாரி எமர்சன் டெனன்ற் 1848இல் கேட்டு எழுதினார். 1950களில் அமெரிக்க இயேசு சபையைச் சேர்ந்த அருட்தந்தை லாங் ஒலிப்பதிவு செய்தார். மீன் பாடுகிறதா, ஊரியும் மட்டியும் எழுப்பும் ஒலியா என்ற பேச்சு இன்னும் முடியவில்லை. இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். பயனைப் பார்த்து மட்டும் விஞ்ஞானத்தைத் தரம் பிரிக்கும் வாதத்தில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. தன் ஊர்த் தண்ணீர் பாடுகிறதா என்று காது வைத்துக் கேட்கும் பிள்ளைதான் அந்தத் தண்ணீர் கெடும்போதும் முதலில் கவனிக்கும்.

மருத்துவத்தையோ விவசாயத்தையோ கீழே இறக்கிவிட்டு நீரை மேலே ஏற்ற வேண்டும் என்று நான் வாதாடவில்லை. அந்த ஐந்து பிள்ளைகளும் ஐந்து துறைகளுக்குப் போகட்டும். ஒருவர் வந்தாறுமூலையில் படிக்கட்டும், ஒருவர் கடல் கடந்து போகட்டும். எங்கு போனாலும் ஒரு கேள்விக்கு மட்டும் ஐவரும் ஒரே மேசைக்கு வரவேண்டியிருக்கும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. வேறு ஊர்களில் அந்த மேசை காடாக இருக்கலாம், காற்றாக இருக்கலாம். நம் ஊரில் அது வாவி.

அந்தப் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியரை அண்மையில் சந்தித்தேன். பின்மதிலுக்கு அப்பால், தோணி கட்டும் இடத்தில் ஒரு கம்பு நட்டிருப்பதாகச் சொன்னார். சிவப்புப் பெயின்றால் அடி, கறுப்பால் அங்குலம். காலையில் ஏழரைக்கு ஆறாம் தரத்துப் பிள்ளைகள் முறை வைத்து வாசித்து எழுதுகிறார்களாம். முதல் கிழமையே தகராறு. வீச்சுவலைக்காரப் பெரியவர், கம்பு நட்ட இடம் சரியில்லை, அங்கே அலை அடித்துக் கணக்குக் கூடும், கண்டல் மரத்துக்கு உள்பக்கம் நடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். ஆசிரியர் ஒத்துக்கொண்டு கம்பைப் பிடுங்கி மாற்றி நட்டார். பெரியவரே தோணியில் நின்று பிடித்துக் கொடுத்தாராம். கொப்பியில் பிள்ளைகள் இப்போது இரண்டு நிரல் போட்டிருக்கிறார்கள்: ஒன்றில் கம்பு காட்டும் அங்குலம், மற்றதில் பெரியவர் சொல்லும் விரல்கணக்கு.